மாலை வண்டி தாமதம்

பெரியவனுக்கு,

நம்ம ஸ்டேஷனை இடிக்கவில்லை. கடைகளாக்கிவிட்டார்கள். டிக்கெட் கவுன்டரில் செருப்பு விற்கிறார்கள். தண்டவாளத்தின் மேல் பளபளவென்று தரை போட்டாயிற்று. அறிவிப்பு பழைய குரலிலேயே இருக்க வேண்டுமாம், அதனால் என்னையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். யானை இறந்தாலும் ஆயிரம் பொன்தான்.

தினமும் சாயங்காலம், இப்போது இல்லாத மாலை வண்டிக்கு நான் அறிவிப்புச் சொல்ல வேண்டும். கடைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே படம் பிடிப்பார்கள். "சரியான நேரத்தில் வருகிறது" என்றுதான் மேனேஜர் சொல்லச் சொன்னார். அந்த வண்டி என்றைக்கு நேரத்துக்கு வந்தது? பழக்கதோஷம், வாய் "தாமதமாக வரும்" என்றே சொல்லிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். இனி அப்படியே சொல்லுங்கள் என்றுவிட்டார்.

அன்றிலிருந்து உன் அம்மா தினமும் வந்து இரண்டாம் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்காருகிறாள். நீ வண்டியேறிப் போன இடம். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. "வண்டியே கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"லேட்டுன்னுதானே சொல்றீங்க. வராதுன்னு சொல்லலையே."

கடை பூட்டும்வரை எழுந்திருப்பதில்லை. உன்னைப் போலவே பிடிவாதம். அது என்னுடையது என்றுதான் நீ சொல்வாய்.

பஸ்ஸில் வந்தாலே போதும். அந்த பெஞ்சுப் பக்கமாக நடந்து வா. நான் இறங்கி வந்து எதுவும் பேசமாட்டேன், பயப்படாதே. மைக் இருக்கும் அறையிலேயே இருப்பேன்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சன்னல். அது இன்னமும் இரண்டாம் பிளாட்பாரத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது.

அப்பா