எருதின் கண்கள்

என்னை இன்னும் அண்ணே என்று கூப்பிடுகிறவனுக்கு,

பிள்ளைக்கு லூக்கா என்று பெயர் வைக்கப்போவதாகவும், நான்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நீ இருக்கும் பொலோனியாவுக்கு வரக் கோவேறு கழுதைகூட வாடகைக்குப் பேசிவிட்டேன். கால்தான் நகரவில்லை.

தீர்க்கதரிசி எசேக்கியேல் கண்ட காட்சியை இங்கே கோயில் பலிபீடத்துக்கு நாம் வரைந்தோமே, கடவுளைத் தாங்கும் மனிதன், சிங்கம், எருது, கழுகு, அந்த எருதுக்கு உன் கண்களை வைத்தேன். திரையை விலக்கிய அன்று நீ அதன்முன் மண்டியிட்டு அழுதாய்.

"அண்ணே, எருதுன்னா சுவிசேஷம் எழுதின லூக்காவோட அடையாளம். நம்ம ஓவியக்காரங்களுக்கே பாதுகாவலர். இவ்வளவு பெரிய மரியாதைய எனக்கா குடுத்தீங்க?"

நான் உன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

அது மரியாதை இல்லை, தம்பி. வண்ணத்துக்காக ஒரு பிடி நீலக்கல்லை அரைக்க நீ ஒரு வாரம் எடுத்துக்கொள்வாய். பட்டறையில் நீ இல்லாதபோது உனக்கு எருது என்றுதான் பெயர். கண்களை வரைந்து முடித்ததும், பொன்தாள் ஒட்டும் பெப்போவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடப்பாவி, அசை போடுறது ஒண்ணுதான் பாக்கி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனைவிட நான் அதிகம் சிரித்தேன்.

குழந்தையை யார் கையில் கொடுப்பது என்று இனி நீயே முடிவு செய்.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். எருதை ஏறிட்டுப் பார்க்க முடிந்தது. நல்ல கண்கள் அவை. பக்கத்திலிருக்கும் மனித முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அதை நான் கண்ணாடி பார்த்து வரைந்தேன்.

இப்படிக்கு,
இனி நீ எப்படிக் கூப்பிட்டாலும் ஏற்றுக்கொள்கிறவன்