எபிக்கு வந்த இரண்டு கடிதங்கள்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உங்களோடு மனசுக்குள் பேசியே ஓட்டிவிட்டேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் தம்பி எபி. முன்னறையில் உட்கார்ந்து, என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறான். "செத்த நேரம் இரு, கண்ணாடி போட்டு நிதானமாப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான் அவனுடைய வேலைக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அதை மூன்று முறை படித்து முடித்தாயிற்று.

வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மகள் பாப்பா கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் அதே பேண்டேஜ் கம்பெனிதான், தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு நின்றுகொண்டே பஸ்ஸில் போகிறேன். எபி ஸ்பின்னிங் மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருக்கிறான். மூன்று ஷிப்ட், அதோடு பஞ்சுத் தூசி இருமல். இருபத்தொன்பது வயசு ஆகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

உங்களைத் தேடி வந்தவர்களை மறக்க முடியுமா? மகாராஜபுரத்திலிருந்து, வத்திராயிருப்பிலிருந்து, இன்னும் எங்கெங்கோ இருந்து ஐடிஐ முடித்தவன், டிப்ளமா முடித்தவன் என்று வருவார்கள். எல்லார் போனிலும் ஒரு ஆபர் லெட்டர் இருக்கும். கடலுக்கு நடுவில் இரும்புக் கால் ஊன்றி எண்ணெய்க்குத் துளை போடும் ரிக்கில் வேலை என்று போட்டிருக்கும். நீங்கள் லீவில் வரும் இருபத்தெட்டு நாளில் பாதி இவர்களுக்கே போய்விடும். நான் முணுமுணுத்துக்கொண்டே காபி போடுவேன்.

நீங்கள் கேட்பது மூன்றே கேள்விதான். எந்த ரிக்? அது இப்போது எங்கே நிற்கிறது? கடல் பயிற்சிக்கு என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்? மூன்றாவதற்குப் பதில் வரவில்லை என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். "ரிக்குக்கு ஹெலிகாப்டர்லதாம்லே போவணும். அது தண்ணிக்குள்ள கவுந்தா எப்படி வெளிய வரணும்னு சொல்லிக்குடுக்காம எந்தக் கம்பெனியும் ஒன்னயக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவாதுலே" என்பீர்கள். பையன் முகம் தொங்கிப்போகும். நீங்கள் அதைப் பார்க்காத மாதிரி காபியைக் குடிப்பீர்கள்.

மற்றவர்களுக்கெல்லாம் அத்தனை பத்திரம் பார்த்த நீங்கள், உங்கள் ரிக்கிலேயே ஷிப்ட் முடித்துப் படுத்து, எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை. யார் மேலாவது பழி போட முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். இதே வலி நம் வீட்டில் வந்திருந்தால், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்திருப்பேனா? இந்தக் கேள்வியோடு இரண்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன், அத்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எபி ஒரு சாயங்காலம் ஸ்வீட் டப்பாவோடு வந்தான். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ரிக் வேலை. கடிதத்தில் இருந்தது உங்கள் ரிக்கின் பெயர்.

"அண்ணே நின்ன எடத்துலயே நானும் நிக்கப் போறேன் அண்ணி" என்றான்.

ராஜபாளையத்தில் ஒரு ஏஜென்ட்டாம். விசா கைக்கு வந்த பிறகு பணம் தந்தால் போதும் என்றானாம். அந்த ஒரு பேச்சிலேயே எபி விழுந்துவிட்டான். பாஸ்போர்ட்டைக் கொடுத்தாயிற்று, மில்லிலும் நின்றுகொள்வதாகச் சொல்லியாயிற்று, வியாழக்கிழமை விமானம் என்றான். நான் ஸ்வீட்டை வாயில் போடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது பொய்க் கடிதமாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். சந்தேகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் அந்த ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்திருந்தீர்களே, "இந்தா இந்தப் புள்ளிதான் நான்" என்று. நீங்கள் ட்யூட்டியில் இருந்த நாளெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து பார்ப்பேன். நகராத புள்ளிதான், ஆனாலும் பார்ப்பேன். நீங்கள் போன பிறகு அதைத் தொடவே இல்லை. மறுநாள் கம்பெனியில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அதைத் திறந்தேன்.

உங்கள் ரிக் குஜராத் கரையில், பழைய கப்பல்களை உடைக்கும் இடத்தில் கிடந்தது. கடைசி சிக்னல் வந்தே பல மாதம் ஆகியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் படுத்த அறையையும் வெட்டி எடுத்திருப்பார்களே என்று அழுதேனா, எபி போக மாட்டான் என்ற நிம்மதியில் அழுதேனா? இரண்டும் சேர்ந்தே வந்தது.

அவனிடம் காட்டினால் நம்பவில்லை. "ஒங்களுக்கு நான் போறது புடிக்கல அண்ணி. அதான் நோண்டி நோண்டிப் பாக்குதீங்க. அண்ணே போனா சரி, நான் போனாத் தப்பா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் சொன்னதில் பாதி நிஜம்தானே. "நாளைக்கு நானும் ஏஜென்ட் ஆபீசுக்கு வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மேல் மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இன்னும் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் எபி வயசுதான். ஏஜென்ட் வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதைக்காரன். "உக்காருங்கக்கா" என்றான். நான் உட்காரவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, அந்த ரிக்கு இப்ப எங்க நிக்குது?"

"வளைகுடாக் கடல்லதாங்க்கா."

"கடல் பயிற்சி என்னைக்கு?"

"அதெல்லாம் அங்க போனப் பொறவு கம்பெனியே பாத்துக்கும்."

போனைக் காட்டினேன். பார்த்தான், சிரித்தான். "இது பழைய சிக்னல்க்கா. இந்த ஆப்பையெல்லாம் நம்பிப் பொழப்பக் கெடுத்துக்கலாமா?" என்று எபியைப் பார்த்துக் கேட்டான். எபி என்னை முறைத்தான். அந்த ஐந்து பேரும் என்னைத்தான் எரிச்சலாகப் பார்த்தார்கள், நல்ல காரியத்தில் குறுக்கே வந்தவளைப் பார்ப்பது போல.

உங்களோடு கிரேன் ஓட்டிய மார்த்தாண்டத்து தாசண்ணனுக்கு அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எடுக்கவில்லை. ஏஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, என் மானம் அந்த மணியில்தான் தொங்கியது. கடைசியில் எடுத்தார்.

"அந்த ரிக்கா? அது ஏது தங்கச்சி இப்ப? நாங்க சாமான் சட்டெல்லாம் எடுத்துட்டு எறங்கினோம். பொறவு ஒடைக்கக் கொடுத்து இழுத்துட்டுப் போனாவ. யாரு கேக்கா?"

ஏஜென்ட் தண்ணீர் குடித்தான். நாற்காலியில் இருந்த ஒருவன் எழுந்து, "எம் பாஸ்போர்ட்டக் குடுங்க" என்றான். குரல் உயரவில்லை. அடுத்தடுத்து எல்லாரும் எழுந்தார்கள். ஏஜென்ட் கதவைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான், பிறகு மேஜை டிராயரை இழுத்தான். எல்லாப் பாஸ்போர்ட்டும் ஒரே ரப்பர் பேண்டில் கிடந்தன. டூரிஸ்ட் விசாவில் கொண்டுபோய் வேறு எங்கோ, என்னவோ வேலையில் தள்ளிவிடும் கூட்டம் என்று பிறகு போலீஸில் சொன்னார்கள். அந்த ஆபீஸ் இப்போது பூட்டிக் கிடக்கிறது. எபி மில்லில் கேட்டு மறுபடியும் வேலையில் சேர்ந்துகொண்டான்.

மாடிப்படி இறங்கினால் எதிர்ச் சுவரில் நீங்கள் இருந்தீர்கள், அத்தான். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு நான் அடித்து ஒட்டிய போஸ்டர், பாதி கிழிந்து நின்றது. ஹெல்மெட் போட்ட படம், அதன் கீழே ரிக்கின் பெயர். பிரஸ்காரர் எதற்கு என்று கேட்டார். நான்தான், படித்த பட்டத்தைப் போடுவது போல ரிக்கின் பெயரையும் போடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். ஏஜென்ட் அந்தப் பெயரை அங்கிருந்துதான் எடுத்தானா, எனக்குத் தெரியாது. என் பெருமையை வைத்தே உங்கள் தம்பியைப் பிடிக்கப் பார்த்தானோ என்று நினைத்து, இன்றைக்கும் அந்தச் சுவரைப் பார்க்காமலே கடந்து போகிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எபி பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு கேட்டான். "நெஜமான லெட்டர் வந்தா என்ன சொல்லுவீங்க அண்ணி?"

"வரட்டும், பாப்போம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வந்துவிட்டது. தாசண்ணன் மூலமாக விண்ணப்பம் போட்டு, வீடியோவில் இன்டர்வியூ முடித்து, இன்றைக்குக் காலையில் வந்த கடிதம். ரிக்கின் மேல்தளத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, அடிமட்டத்திலிருந்து ஆரம்பம். ரிக்கின் பெயரைப் போட்டுத் தேடினேன். கடலில் நிற்கிறது, சிக்னல் இன்றைக்குக் காலையில் வந்தது. மெடிக்கல் கேட்கிறார்கள். நான்கு நாள் கடல் பயிற்சிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஹெலிகாப்டரைத் தண்ணீரில் கவிழ்த்துப் பழக்குவார்களாம், அதுவும் எழுதியிருக்கிறது. ஏதாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று மூன்று முறை தேடினேன், அத்தான். கிடைக்கவில்லை.

எபி இப்போது என்னை அப்படியே நம்புகிறான். வெளியே போய், "டூப்ளிகேட் மாதிரித் தெரியுதுப்பா" என்று உதட்டைப் பிதுக்கினால் போதும். போனிலேயே அழித்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான். ஆயுசுக்கும் என் கண் முன்னால் இருப்பான். கண் முன்னால் இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றுதானா?

ஒரு தடவை மகாராஜபுரத்து அம்மா ஒருத்தி உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, தன் மகனுக்கு வந்த நல்ல கடிதத்தைப் பொய் என்று சொல்லிவிடச் சொன்னாள். "அவன் பொழப்புல மண்ணப் போட நான் யாரும்மா?" என்று நீங்கள் மறுத்துவிட்டீர்கள். அவள் அழுதுகொண்டே போனாள். கல் நெஞ்சுக்காரர் என்று அன்றைக்கு முழுவதும் உங்களோடு நான் பேசவில்லை. இப்போது நீங்கள் சொல்லுங்கள், அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

கடிதத்தோடு ஒரு படிவமும் இருக்கிறது. எபி எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருக்கிறான். கடைசிப் பக்கத்தில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம். என் பெயர், என் நம்பர். உறவு என்ற இடத்தில் அண்ணி.

நீங்கள் போன செய்தியைச் சொல்ல ரிக்கிலிருந்து கூப்பிட்டதும் இதே நம்பரில்தான். கம்பெனியில் பேண்டேஜ் சுருள் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு நம்பர். நீங்கள்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்தேன். அது எபிக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறான். அவனுக்கு எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

கதவைத் தட்டுகிறான். "அண்ணி, படிச்சிட்டீங்களா?"

போகிறேன், அத்தான். நிஜம் என்று சொல்லப் போகிறேன். குரல் எப்படி வருமோ தெரியாது, ஆனால் அந்த வார்த்தையைத்தான் சொல்வேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவன் கடலில் இருக்கிற வரைக்கும் இந்த நம்பரை மாற்ற மாட்டேன். எந்த நாட்டு நம்பர் வந்தாலும், வேலையைப் போட்டுவிட்டு, முதல் மணியிலேயே எடுப்பேன். சிரித்துக்கொண்டு எடுக்க மட்டும் என்னால் ஆகாது.

உங்கள் மனைவி,
எபியின் அண்ணி,
மெர்சி