மலர் ஆரம்பிச்சுட்டா, நான் இன்னும் லிஸ்ட் போடுறேன்

நவ. 4, செவ்வாய்

காலையிலேருந்து தூறல். பெரம்பலூர்–அரியலூர் பஸ்ல ஜன்னல் ஷட்டர் இறங்கல. வலது கை பூரா ஈரம்.

மேனேஜர் சார் (மே.சா.) கூப்பிட்டு விட்டார். பொங்கலுக்கு அப்புறம் எங்க எடை மேடைக்கு கேமரா வருதாம். சுண்ணாம்புக்கல் லாரி ஏறி நின்னா தானா நம்பர் படிச்சு, தானா எடை போட்டு, தானா சீட்டு அடிக்குமாம். ஆபரேட்டர் வேணாம். "கண்ட்ரோல் ரூமுக்கு ஒரே ஒரு ஆள் எடுப்போம். புரோகிராம் தெரியணும். பதினஞ்சாம் தேதி சின்னதா ஏதாவது செஞ்சு காட்டுங்க." எனக்கும் அருளுக்கும் சொன்னார். அருள் இன்னொரு ஷிப்ட் ஆபரேட்டர். அவன் மச்சான் சென்னையில ஐ.டி.யாம். இருக்கட்டும்.

பத்து வருஷம் அந்தக் கேபின்லயே உக்காந்தாச்சு. இனிமே எங்க போறது.

எதைப் படிக்கிறது:
1. பைத்தான். ஈசிங்கிறாங்க. ஈசின்னா ஊருக்கே தெரிஞ்சிருக்குமே?
2. ஜாவா. மதிப்பு ஜாஸ்தி. காலேஜ்ல பாதில விட்டது.
3. வெப்சைட் வேலை. பாக்க அழகா இருக்கும்.
4. பஸ் ஸ்டாண்ட் மாடியில இருக்கிற சென்டர். மூணு மாசம். நேரம் பத்தாது.

நாளைக்கு முடிவு.

6, வியாழன்

முடிவு பண்ணல. நாலு வீடியோ பாத்தேன், நாலு பேரும் நாலு சொல்றான்.

மலர்கிட்ட லிஸ்டைக் காட்டினது தப்பு. சும்மா பேச்சுக்குக் காட்டினேன். என் பொண்டாட்டி பி.ஏ. தமிழ். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர். "எதுல முதல் பாடம் தமிழ்ல இருக்கோ அதுல ஆரம்பிங்களேன்"னா. சிரிச்சுட்டேன். கம்ப்யூட்டர்ங்கிறது கோலமாவு வாங்குற மாதிரியா.

7, வெள்ளி

குடை ரிப்பேர். தேங்காய் ரெண்டு.

சாயங்காலம் வூட்டுக்கு வந்தா கிரைண்டர் ஓடுது, பக்கத்துல முக்காலி போட்டு இவ போன்ல தட்டிக்கிட்டு இருக்கா. பைத்தான். தமிழ்ல பாடம், போன்லயே எழுதி ஓட்டிப் பாக்கலாமாம். "நீங்க முடிவு பண்றதுக்குள்ள ரெண்டு பாடம் பாத்து வெச்சா உங்களுக்கு உதவுமேன்னுதாங்க."

அவ பேரைப் பத்து தடவை வரிசையா அடிச்சுக் காட்டுச்சு. சின்னப் புள்ள மாதிரி சந்தோசம் அவளுக்கு.

எனக்கு வயிறு எரிஞ்சுது. எழுதி வைக்கிறேன், யாரு பாக்கப் போறா.

பைத்தான் வேண்டாம். ஜாவா.

10, திங்கள்

ஜாவாவை லேப்டாப்ல ஏத்தவே ஞாயித்துக்கிழமை பூரா போச்சு. சிவப்பு சிவப்பா திட்டுது. எதுக்குன்னு தெரியல.

ம. ஏழாவது பாடத்துல இருக்கா.

அரும்பாவூர்ல இருக்கிற அவ அம்மாகிட்ட போன்ல சொல்லிக்கிட்டு இருந்தா: "எல்லாம் அவருதாம்மா சொல்லித் தராரு." பொய். அதுவும் என் மானத்துக்காக சொன்ன பொய். அதான் இன்னும் ஜாஸ்தியா எரியுது.

12, புதன்

சாப்பிடும்போது கேட்டா, எடை எப்படிங்க போடுவீங்கன்னு. லோடு எடையில காலி எடையைக் கழிச்சா கல்லோட எடைன்னேன். "அவ்வளவுதானா?"

அவ்வளவுதானாவாம்! பத்து வருஷப் பொழப்பு. கோவம் வந்துருச்சு. காலி எடைக்கு டிரைவர், கிளீனர் ரெண்டு பேரும் கீழ இறங்கி நிப்பான். லோடு எடைக்கு உள்ளேயே குந்திக்குவான். ரெண்டு ஆள் எடையும் கல்லு கணக்குல ஏறிடும். நான் எறங்கிப் போய் லாரிக் கதவைத் திறந்து பாத்துட்டுதான் பட்டனை அமுக்குவேன். இதெல்லாம் உன் பைத்தானுக்குத் தெரியுமான்னேன்.

"தெரியாதுங்க"ன்னா. ரசம் ஊத்தினா.

14, வெள்ளி

நல்ல மழை. என் ஜாவா கழித்தல் வரைக்கும் வருது. புள்ளி வெச்ச எண் குடுத்தா அப்படியே நின்னுடுது.

ம. போனை நீட்டினா. அவ எழுதின புரோகிராம் லாரி நம்பர் கேக்குது. அடுத்து, "டிரைவர் இறங்கியாச்சா? கிளீனர்?" இல்லன்னு அடிச்சா எடையே வாங்க மாட்டேங்குது. லோடு எடைக்கும் அதே கேள்வி.

"நாளைக்கு இதைக் காட்டுங்க. மேல உங்க பேருதான் போட்டிருக்கேன்."

நல்லாருக்குன்னு சொல்ல வாய் வரல. போன்ல சார்ஜ் எவ்ளோ இருக்குன்னு கேட்டேன்.

15, சனி

அருள் முதல்ல காட்டினான். மச்சான் செஞ்சது, பாத்தாலே தெரியுது. அப்புறம் நான். டிரைவர் கேள்வி வந்ததும் மே.சா. நிமிர்ந்து உக்காந்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் சார்."

"இந்த வரி என்ன பண்ணுது, சொல்லுங்க."

முழிச்சேன். "என் வொய்ஃப் எழுதினாங்க சார்."

திட்டல. "திங்கள்கிழமை பத்து மணிக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. கண்ட்ரோல் ரூமுக்குப் பாக்கலாம்." "அப்ப நான், சார்?"னு கேட்டேன். "உங்களுக்கு வேற ஏதாவது பாப்போம்"னார்.

வூட்டுக்கு வந்ததும் அவ கேட்டா. யோசிச்சு சொல்றேன்னாருன்னு சொல்லிட்டேன்.

16, ஞாயிறு

சொல்லல. காலையில சொல்லலாம்னு இருந்தேன், கறி வாங்கப் போயிட்டேன்.

மத்தியானம் என் சட்டை நாலையும் இஸ்திரி போட்டா. "நாளைக்கு முடிவு சொன்னாலும் சொல்லுவாரு. பளிச்சுனு போங்க."

அவ உள்ள ஏ.சி.யில, நான் வெளியில புழுதியில. "அவ வர மாட்டேன்னுட்டா சார்"னு சொல்லிட்டா யாருக்குத் தெரியப் போவுது. அந்த வேலைக்கு அருளே போய்த் தொலையட்டும். அப்படிக்கூட தோணுது. எனக்கே என்னைப் புடிக்கல.

17, திங்கள்

எடை மேடை கேபின்ல எழுதுறேன்.

காலையில செருப்பை மாட்டினதுக்கு அப்புறம்தான் சொன்னேன். "நீயும் கிளம்பு. சார் உன்னைத்தான் கூப்பிட்டாரு."

"எப்பங்க சொன்னாரு?"

"சனிக்கிழமை."

கொடியில கெடந்த புடவையை உதறிக் கட்டிக்கிட்டு வந்துட்டா. பஸ்ல என் பக்கத்துல இடம் இருந்துச்சு. முன்னாடி லேடீஸ் சீட்டுக்குப் போயிட்டா.

கம்பெனி கேட் கிட்ட வந்ததும் மேடையைப் பாத்தா. இப்பதான் முதல் தடவை பாக்குறா. டிரைவர் எங்க இறங்கி நிப்பாருன்னு கேட்டா. காட்டினேன்.

ஆபீஸ் வாசல்ல நின்னு முந்தானைக் கசங்கலைக் கையால நீவி விட்டா. திரும்ப நீவினா. கசங்கல் போகல.

"சனிக்கிழமையே சொல்லியிருந்தா எனக்கும் ஒரு புடவை இஸ்திரி போட்டிருப்பேங்க."

உள்ள போயிட்டா.

மணி பத்து அம்பது. இன்னும் வரல. மேடையில லாரி ஏறி நிக்குது, டிரைவர் இறங்கல. போய்ச் சொல்லணும்.