வலப்பக்கம் இழுத்த வண்டி

அப்பா,

புது டயரின் ரப்பர் வாசனை இன்னும் என் துப்பட்டாவில் இருக்கிறது. நம் வண்டிக்கு நான்கையும் மாற்றிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வண்டி வாங்கிய அன்று டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தேடினீர்கள். அந்த இடத்தில் வண்டி ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர் இருந்தது. பஞ்சர் அடைக்க ஒரு பாட்டில் மருந்தைக் கையில் கொடுத்தார்கள். "சக்கரம் கேட்டா டானிக் குடுக்கறாங்கம்மா" என்று என் காதில் சொன்னீர்கள்.

முழங்கால் வலி வந்தபின், நடந்து சுற்றிய மலையை வண்டியில் சுற்றினீர்கள். எங்கே கிளம்பினாலும் முதலில் ஒரு சுற்று, மலை வலக்கைப் பக்கமாக. "கீழ்பென்னாத்தூர் கல்யாணத்துக்கு அடி அண்ணாமலை வழியா போற ஒரே ஆளு நீங்கதான்" என்பாள் அம்மா. நாம் போய்ச் சேரும்போது பாயசம் தீர்ந்திருக்கும்.

நீங்கள் போன பிறகு நான் ஓட்டினேன். ஸ்டியரிங்கில் பிடியைத் தளர்த்தினால் வண்டி தானாக வலப்பக்கம் ஒதுங்கியது. முதல் தடவை எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பின் சீட்டிலிருந்து அம்மா நிதானமாகச் சொன்னாள்: "பயப்படாத. அப்பா மலைக்குப் போலான்றாரு." அதன்பின் வண்டி ஒதுங்கும்போதெல்லாம், "இருங்க, வரோம்" என்பாள்.

டயர் கடைக்காரர் முன்சக்கரங்களைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். வலப்பக்கம் இழுத்தால் எதிரே வரும் லாரியில்தான் போய் நிற்கும் என்றார். டயர் வெடித்தால் அந்த மருந்து உதவாது, மாற்றச் சக்கரமும் இல்லை. அம்மாவைக் கண்ணில் ஊசி போட மாதாமாதம் வேலூருக்கு அழைத்துப் போகிறேன். விலை கம்மியாக ஒன்று, பக்கச் சுவர் தடித்த ஒன்று காட்டினார். தடித்ததைக் கேட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "டயர மாத்திக்கோ. அந்த இழுப்ப மட்டும் அப்படியே உட்டுடச் சொல்லு."

கடைக்காரர் காத்திருந்தார்.

"அலைன்மென்டும் பாத்து நேராக்கிடுங்கண்ணா" என்றேன்.

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேங்கிக்கால் வீட்டுக்குத் திரும்பாமல் கிரிவலப் பாதை பிரியும் இடத்துக்கு வந்து, பிடியைத் தளர்த்திப் பார்த்தேன். வண்டி நேராகவே போனது. யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் நீங்கள் இல்லை என்பது எனக்கு முழுதாகத் தெரிந்தது, அப்பா.

பிறகு நானே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். மலை வலக்கைப் பக்கம் வந்து சேர்ந்தது. வெகுநேரம் கழித்துப் பின் சீட்டிலிருந்து, "இருங்க, வரோம்" என்று கேட்டது.

அந்த இழுப்பு இப்போது என் கையில் இருக்கிறது.