பழம் காணவில்லை

எசேக்கா,
மழைக்காலக் கடைசி.

அன்புள்ள டாக்டர் சிமோ அவர்களுக்கு,

ஒடீல் எழுதுவது. நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. அந்தக் குளிர் தேசத்தில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதம் கிடைத்தது. அங்கே பாடம் செய்து வைத்திருக்கும் காய்ந்த செடிகளோடெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, நம் மரம் எதனோடும் சேரவில்லை, உலகத்துக்கே புதிது, அதற்கு என் வீட்டுக்காரர் லொக்மோவின் பெயரை வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆளே போன பிறகு பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நாத்தனார் ரோஸிடம் சொன்னேன். நீங்கள் நம் நாட்டின் மேற்குப் பக்கத்துக்காரர், உங்கள் பக்கம் எப்படியோ. எங்களுக்கு ஒருவர் பெயரைச் சுமப்பவர் 'ம்பொம்போ'. அந்த ஆளாகவே வைத்துப் பார்க்க வேண்டும். ரோஸின் வாய் சும்மா இருக்குமா? "அப்ப எந்தம்பி மரமா நிக்கிறானா? சோறு யாருடி கொண்டு போறது? உசுரோட இருந்தப்பவே நீ நேரத்துக்குப் போட்டதில்ல!" என்று சிரித்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் மரவள்ளி மாவை இலையில் சுற்றி வேகவைத்து எடுத்துக்கொண்டு, இருவரும் மரத்தடிக்குப் போனோம்.

மரத்தில் சிவப்பு மை அடித்திருக்கிறது.

மரக் கம்பெனி மேஸ்திரியிடம் ஓடினேன். வெட்டாதீர்கள், அது என் புருஷன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "அரசாங்கம் காக்கச் சொன்ன மரத்தை நான் தொட மாட்டேம்மா. பேரே இல்லாத மரத்த அவங்க எப்பிடிக் காக்கச் சொல்லுவாங்க?" என்றார். பாதை காய்ந்ததும் வண்டி வருமாம். அப்படியொரு மரத்தை வேறெங்கும் கண்டதில்லை என்று லொக்மோ அடிக்கடி சொல்வார்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பூவும் இலையும் இருக்கின்றன, பழம் இல்லாமல் எழுதினால் அரைகுறை, அடுத்த காய்ப்பு வரை பொறுக்கிறேன், யாராவது ஏறிப் பறித்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன முறையும் இதைத்தான் கேட்டீர்கள். மழை விடட்டும் என்று நான் சொல்லச் சொல்ல, "டாக்டர் காத்துக்கிட்டிருக்காருடி" என்று லொக்மோ கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மரத்திலிருந்து விழுந்து கீழே கிடந்தவர் கையில் ஒரு இலைதான் இருந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன்.

என் அடுப்பங்கரையில் நீங்கள் லென்ஸோடு உட்கார்ந்து பூவைப் பிரித்ததும், பூ கெடாமலிருக்க ஊறவைத்த சாராயத்தை அவர் திருட்டுத்தனமாக முகர்ந்து பார்த்ததும், நாம் சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை. அவருக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும்.

இப்போது அவர் தம்பி நான் ஏறுகிறேன் என்று நிற்கிறான். கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போட்டுவிட்டேன்.

காத்திருக்காதீர்கள், டாக்டர். இருக்கிற பூவை வைத்து எழுதுங்கள். பழத்துக்கான இடத்தில் 'காணவில்லை' என்று போடுங்கள். அப்படியும் எழுதுவது உண்டு என்று அன்று நீங்களேதான் சொன்னீர்கள். அவர் பெயரை வைத்து, அச்சானதும் பாதை காய்வதற்குள் அனுப்புங்கள். அதை எடுத்துக்கொண்டு வன அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஆண்டவர் உங்கள் கைக்குத் தெம்பு கொடுக்கட்டும். பழம் பறிக்க இனி என் வீட்டிலிருந்து யாரையும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
லொக்மோவின் மனைவி,
ஒடீல்