கைடு இன்னும் ஏறவில்லை

அன்புள்ள கைடு அண்ணாவுக்கு,

உங்கள் டிரைவர் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். நீங்களும் உங்கள் மகளும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்த ஊர்க் குளிருக்கு வலி கூடத்தான் செய்யும். தூங்கும்போதும் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்? உங்கள் விலாசத்தை டூர் ஆபீசில் டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்ன டிரைவரின் பெண்டாட்டி என்றதும் உள்ளே போய்த் தேடி எடுத்துக் கொடுத்தாள். போன் நம்பர் அங்கே இல்லையாம்.

எல்லோரும் நலம் என்று எழுதியது பழக்கதோஷம். நலம் இல்லை அண்ணா. அவருக்கு ரொம்ப முடியவில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது என்கிறார் டாக்டர். தலையணையை உயரமாக வைத்துச் சாய்ந்து, காலை நீட்டிப் படுத்தே ஆகவேண்டுமாம். இவரோ படுக்கவே மாட்டேன் என்கிறார். முன்னறை மர நாற்காலியில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து வாசலையே பார்க்கிறார். கால் இரண்டும் வீங்கித் தூணாகிவிட்டன. தூக்கம் வந்தால் அப்படியே தலையைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார், அடுத்த நிமிஷமே திடுக்கிட்டு விழித்துவிடுகிறார். நாங்கள் தலைகீழாக நின்று பார்த்தாயிற்று. அவரைப் படுக்க வைக்க உங்கள் ஒருவரால்தான் முடியும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே கேட்டால் இவளுக்கும் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

நீங்கள் மகளிடம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு மறதி ஆரம்பித்துவிட்டது. முதலில் சாவியைத் தேடினார், மூக்குக் கண்ணாடியைத் தேடினார், வயசானால் யாருக்கும் உள்ளதுதானே என்று நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தெருவையே தேட ஆரம்பித்தார். இந்த ஊரின் சந்து பொந்திலெல்லாம் அவ்வளவு பெரிய பஸ்ஸை வளைத்து ஓட்டின மனுஷன், முனைக் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி கேட்டு நின்றார். இப்போது பெரியவளைத் தெரியவில்லை. நீங்கள் தோளில் தூக்கிவைத்துச் சுற்றுவீர்களே, எங்கள் மூத்த மகள், அவளைத்தான். என்னையும் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை "இவளே" என்றுதான் கூப்பிடுவார். பேர் சொன்னால் வாய் சுட்டுவிடுமா என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன்! இன்றைக்கு அந்த "இவளே" ஒரே ஒரு தடவை காதில் விழாதா என்று ஏங்கிக் கிடக்கிறேன்.

உங்களை மட்டும் மறக்கவில்லை. "கைடு எங்க? இன்னுமா ஆளுங்களக் கூட்டிட்டு வரல?" என்று நாள் முழுக்க இதே கேள்விதான். பெற்ற பிள்ளை இல்லை, கட்டின பெண்டாட்டி இல்லை, மைக்கைப் பிடித்துக் கதை அளந்த நீங்கள் மனசில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொடுத்து வைத்தவர் நீங்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன்?

போன மாதம் பெரியவள்தான் ஒரு யோசனை சொன்னாள். "அதே டூர் பஸ்ல அப்பாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போம்மா. பழைய எடத்தையெல்லாம் பாத்தா ஞாபகம் வந்தாலும் வரும்" என்றாள். எனக்கும் உள்ளூர ஆசை. ஊருக்கெல்லாம் ஊரைச் சுற்றிக் காட்டினவரின் பெண்டாட்டி, இந்த ஊர்ப் பெரிய கோயிலை உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்றால் யாராவது நம்புவார்களா? கூட்டிப் போங்கள் என்று கேட்டால், "தெனம் போற எடத்துக்கே லீவு நாள்லயும் போகணுமா, இவளே?" என்பார். அவர்தான் என்னத்தைப் பார்த்தார்? டிரைவர் வண்டியை விட்டு நகரக்கூடாதே. அவருக்குக் கோயில் என்றால் பஸ் திரும்பக் கஷ்டப்படுகிற வளைவு. பள்ளிவாசல் என்றால் மத்தியானம்வரை நிழல் தரும் மரம். தேவாலயம் என்றால் சுத்தமான கழிப்பறை. அரண்மனை என்றால் எரிந்து விழுகிற வாசல் காவலாளி. இதைத்தான் வீட்டில் வந்து சொல்வார். உள்ளே இருப்பதெல்லாம் உங்கள் இலாகா.

டிக்கெட் எடுத்து, முன் சீட்டில் ஜன்னலோரமாக அவரை உட்கார வைத்தேன். இப்போது பஸ்ஸில் கைடு கிடையாது அண்ணா. பதிவு செய்த குரல் ஒன்று தானாகப் பேசுகிறது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "கைடுக்குத் தொண்ட கட்டியிருக்கா? குரலே சரியில்லயே" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குரலுக்குக் கதை சொல்லவே தெரியவில்லை. நீங்கள் ஒவ்வொரு டிரிப்பிலும் அந்த அரண்மனை ராஜாவுக்கு ஒரு ராணியைக் கூட்டிக்கொண்டே போவீர்களாமே, அதுவோ ஒரே ராணியோடு முடித்துவிட்டது. எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

முதலில் கோயில். எல்லோரும் இறங்கினார்கள். நான் எழுந்து, வாங்க போகலாம் என்று கையை நீட்டினேன். அவர் மரியாதையாக என்னைப் பார்த்து, "நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்கம்மா. நான் வண்டியப் பாத்துக்கறேன். செருப்ப இங்கயே விட்டுடுங்க, வெளிய விட்டா தொலஞ்சிரும்" என்றார். என்னை அம்மா என்கிறார். வாங்க, போங்க என்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாகவே உள்ளே போனேன்.

கோயில் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கோபுரமும் தூணும் கண்ணில் பட்டன, மனசில் ஒட்டவில்லை. என்னை ஒரு தடவை "இவளே" என்று கூப்பிடச் சொல்லு, வேறு ஒன்றும் வேண்டாம் என்று கேட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்தால், என் செருப்பை வாசல்படியில் ஜோடியாக, நான் கால் நுழைக்க வாகாக, திருப்பி வைத்திருந்தார். அண்ணா, இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர் என் செருப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஊரார் செருப்பையெல்லாம் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? எனக்கு வந்த அழுகையில் கோபமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

பள்ளிவாசலிலும் அப்படித்தான், தேவாலயத்திலும் அப்படித்தான். "போய்ட்டு வாங்கம்மா" என்று அனுப்பினார், நான் போய்விட்டு வந்தேன். சாமிக்குச் சாமி கோரிக்கையை மாற்றவில்லை. பள்ளிவாசலில் பெண்கள் நிற்கிற இடத்தில் ஒரு ஓரமாக நின்று அதையே கேட்டேன். தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதையே கேட்டேன். யாருமே கொடுக்கவில்லை. தேவாலயத்திலிருந்து வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அவர் படியில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வந்துட்டீங்களா? தனியா வந்தவங்க, வழி தப்பிட்டீங்களோன்னு பயந்தே போய்ட்டேன்" என்றார்.

கடைசியாகப் பழைய மணிக்கூண்டு. படியேற முடியாது என்று நானும் வண்டியிலேயே இருந்துவிட்டேன். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஆளை எண்ணவில்லை, ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்குள் ஒரு மணி ஒலித்தது, கதவு தானாக மூடியது, புது டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். இவர், "நிறுத்து! கைடு ஏறல! கைடு இன்னும் ஏறல!" என்று கத்தினார் பாருங்கள், பஸ்ஸே நடுங்கிப்போனது. பிரேக்கை மிதிப்பது போலத் தரையைக் காலால் மிதிக்கிறார். அந்த டிரைவர் நல்ல பிள்ளை. ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, "ஐயா, இப்பல்லாம் கைடு கெடையாதுய்யா" என்று தன்மையாகத்தான் சொன்னார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் கழற்றிவிட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மணிக்கூண்டு வாசலைப் பார்த்து நின்றவர் திரும்ப ஏறவே இல்லை. பஸ்ஸை அனுப்பிவிட்டு, எப்படியோ ஒரு டாக்சியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் பின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "பாவம், அவ்ளோ தூரம் நடந்தா வருவான்?" என்று புலம்பினார்.

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். என் செருப்பு அவர் காலடியில் இருக்கிறது. எடுக்கப் போனால், "அது அந்தத் தனியா வந்த அம்மாவோடது, அவங்க வந்து கேப்பாங்க" என்று தடுக்கிறார். அந்த அம்மா நான்தான் என்றால், சங்கடமாகச் சிரிக்கிறார். நான் பெரியவளின் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வருகிறேன்.

ஏன் இப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் புதிதாகச் சேர்ந்த காலத்தில், எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நீங்கள் ஒரு கணக்கும் அவர் ஒரு கணக்கும் போட்டு, வயசான ஒரு பெண்மணியைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்தீர்களே, அந்த ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனபோது அந்த அம்மா பஸ் நின்ற இடத்திலேயே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாராம். "வருவீங்கன்னு தெரியும்ப்பா" என்று சொன்னாராம், ஒரு வார்த்தை திட்டவில்லையாம். அதைச் சொல்லிச் சோறு இறங்காமல் அழுதார். அதற்கப்புறம்தானே உங்களுக்குள் அந்த ஏற்பாடு? நீங்கள் தலையை எண்ணிவிட்டுக் கடைசியாக ஏறுவீர்கள். கதவோரத் தகரத்தில் ரெண்டு தட்டுத் தட்டி, "எல்லாரும் வந்தாச்சு, எடுப்பா" என்பீர்கள். அது இல்லாமல் அவர் வண்டியை நகர்த்தியதே இல்லை. முதலாளியே வந்து சொன்னாலும் நகர்த்தமாட்டார் என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். அந்த வார்த்தை வராமல் டிரிப் முடியாது, டிரிப் முடியாமல் அவர் படுக்கமாட்டார்.

நான் முயற்சி பண்ணாமல் இல்லை. ஜன்னல் கம்பியில் ரெண்டு தட்டுத் தட்டி, எல்லாரும் வந்தாச்சு, எடுப்பா என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க உக்காருங்கம்மா, அதெல்லாம் கைடு சொல்லுவான்" என்றார். மருமகன் உங்களைப் போலக் கட்டைக் குரலில் சொல்லிப் பார்த்தார். "யாருப்பா நீ? டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவு துக்கத்திலும் வீடே சிரித்தது. சிரித்த கையோடு பெரியவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டு, "மருந்து செய்யறத செஞ்சாச்சும்மா. ரொம்பக் களைச்சுட்டார். நிம்மதியாப் படுக்க விடுங்க" என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரியவளுக்கு இதில் இஷ்டமில்லை. "கைடு மாமா குரலக் கேட்டு அப்பா ஒருவேளை..." என்று ஆரம்பித்தவள் மேலே சொல்லாமல் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரியாதா? தினமும் அந்தக் காலைப் பிடித்துவிடுகிறவள் நான். என்னை "இவளே" என்று கூப்பிட வேண்டும் என்று இப்போது எந்தச் சாமியிடமும் கேட்பதில்லை. அவர் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

உங்களால் இவ்வளவு தூரம் வர முடியாது என்று தெரியும். பெரியவளின் போன் நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடிதம் கைக்கு வந்ததும் தயவுசெய்து பேசுங்கள். நான் போனை அவர் காதருகே பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருக்கிற எதிலாவது ரெண்டு தட்டுத் தட்டி, அதே பழைய குரலில் அந்த வார்த்தையைச் சொல்லுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் முன்னாலேயே அழுதுவிட்டு வாருங்கள் அண்ணா. குரல் உடைந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தனியாக வந்த அந்த அம்மா ஏறலையே என்று அவர் கட்டாயம் கேட்பார். அவங்க வீடு பக்கத்திலேயேதான், பத்திரமா வீடு போய்ச் சேந்துட்டாங்க, அவங்களுக்காக இனிமே நிக்க வேணாம், நீ எடுப்பா என்று சொல்லுங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போனார்கள் என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவரின்
"இவளே"