முதலில் மேல்திருகு

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் வாகனப் பணியைத் தொடங்கினேன். இப்போது மாலை. பணி முடியவில்லை, முடியும் நிலையிலும் இல்லை.

தம்பி எரிக் கனடா செல்லும்போது என் பொறுப்பில் விட்டுச்சென்ற இத்தாலிய வண்டிக்குச் செயின் கிடையாது. எஞ்சினின் சுழற்சியை ஓர் இரும்புத் தண்டு — ஷாஃப்ட் — பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்கிறது. சக்கரத்தருகே அது ஒரு பல்சக்கரப் பெட்டிக்குள் நுழைகிறது. பெட்டியின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்; தண்டின் நுனியிலுள்ள வரிப்பற்களுக்குக் கிரீஸ் இட வேண்டும். இவ்வளவே. இது வீட்டில் நடக்காத காரியம் என்பது எரிக்கின் கருத்து. பெங்களூரில் ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருக்கிறாராம். "கிறிஸ்துமஸுக்கு வர்றேன்க்கா. நீ நல்லா வச்சிருந்தேன்னா உன் பேருக்கே மாத்திடலாம். இல்லேன்னா குடுத்துடலாம்" என்றான்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஹெப்பாள் தொழிற்சாலையில் பண்டகசாலைப் பொறுப்பை வகிக்கிறேன் என்றால், அது கையேடுகளை நானே படித்துத் தேர்ந்ததால். அத்தகைய நான் இன்று செய்தது யாதெனில், பெட்டியின் கீழ்த்திருகைக் கழற்றிப் பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு, அதன்பின் எண்ணெய் ஊற்றும் மேல்திருகைக் கழற்ற முனைந்தேன். அசையவில்லை. அறுகோண முனையுள்ள ஆலன் கீ வழுக்கி, திருகின் குழியும் மழுங்கிற்று.

உள்ளே எண்ணெய் இல்லை. ஊற்ற வாய் இல்லை. மேலே கழலுதான்னு பாக்காம எவளாவது கீழ திறப்பாளா? நான் திறந்தேன்.

என் கணவர் மதலைமுத்து காப்பி கொண்டுவந்தார். "ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே? நமக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கிட்டா போதாதா?" காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

16 செப்டம்பர்

பேருந்தில் பணிக்குச் சென்றேன். பேருந்தில்!

18 செப்டம்பர்

என்னைக் கேளாமலேயே, அக்ரஹாரம் பகுதியில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் தொட்டையனைக் கணவர் அழைத்துவந்திருந்தார். அவர் வண்டியைச் சுற்றிவந்து, செயின் எங்கே என்று கன்னடத்தில் வினவினார். செயினே கிடையாது என்றேன். அப்படியானால் எதை டைட் செய்ய என்னைக் கூப்பிட்டீர்கள் என்றார். பிறகு, திருகை உளி வைத்து உடைத்துவிடலாம் என்றார். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

20 செப்டம்பர்

கழன்றது. தலைமுடி உலர்த்தியால் பெட்டியைச் சூடேற்றினேன். மழுங்கிய குழிக்குள் சற்றுப் பெரிய நட்சத்திர முனையைச் சுத்தியலால் இறக்கித் திருப்பினேன். மகிழ்ச்சியில் நான் எழுப்பிய கூச்சல் கேட்டு எதிர்வீட்டுக் கௌரம்மா வாசலுக்கு வந்துவிட்டார். பாம்பா என்று கேட்டார்.

21 செப்டம்பர், ஞாயிறு

பின்சக்கரம் கழற்றப்பட்டது. பெட்டி இழுக்கப்பட்டது. வரிப்பற்களின் பழைய கிரீஸ் மண்ணெண்ணெயால் துடைக்கப்பட்டு, மாலிப்டினம் கிரீஸ் மெல்லிய பூச்சாக இடப்பட்டது. தண்டின் இணைப்பை மூடும் ரப்பர் உறை பொருத்தப்பட்டது. புதிய மேல்திருகு. புதிய எண்ணெய். அனைத்தும் என் இரு கைகளால்.

எரிக்குக்குப் படங்கள் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றை அனுப்பியிருக்கிறான். அவ்வளவுதானா?

24 செப்டம்பர்

உணவு இடைவேளையில் ஷாஃப்ட் இயங்கும் முறையைச் சக ஊழியர்களுக்கு விளக்கினேன். மூன்றாம் நாளாக. மற்றவர்கள் தட்டுடன் வேறு மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். என் பிரிவின் உதவியாளர், ஹனூர் ஊர்க்காரரான சிவகுமார் மட்டும் கடைசிவரை இருந்து கேட்டார். அறிவார்வம் உள்ளவர்.

30 செப்டம்பர்

தொழிற்சாலையில் ஆயுத பூஜை. வண்டிகளைக் கழுவி அலங்கரிக்கும் பொறுப்பு இவ்வாண்டு சிவகுமாருக்கு. சாவி கேட்டார், கொடுத்தேன். நான் கிறிஸ்தவள் என்பதற்காக என் வண்டி மட்டும் வெறுமனே நிற்பது நன்றாயிராது.

மாலையில் இறங்கிப் பார்த்தால் கைப்பிடி முழுக்கச் செண்டுப்பூ மாலை, கண்ணாடியில் குங்குமம். பின்னே வருவது காவலரா லாரியா என்றே தெரியாமல் வீடு வந்து சேர்ந்தேன். ரப்பர் உறையிலிருந்து வழியெங்கும் நீர் சொட்டியது. கழுவிய வண்டி, சொட்டத்தானே செய்யும்.

12 அக்டோபர், ஞாயிறு

வண்டி நின்ற தரையில் துருநிறத் துளிகள். ஐயம் கொண்டு மேல்திருகைத் திறந்தேன்.

பால்காப்பி. எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருக்கு. தண்ணி கலந்துடுச்சு. எப்படி? தண்ணி புகாம தடுக்குற சீல் போச்சா? உறையைச் சரியா மாட்டலையா? பெட்டியை இழுக்கும்போது நானே எதையாவது கிழிச்சுட்டேனா? எரிக் சொன்னதுதான் சரியா — வீட்டுல நடக்காத காரியமா?

இரவு உணவு வேண்டியிருக்கவில்லை.

13 அக்டோபர்

"எண்ணெயை மாத்திட்டுப் பேசாம இரு. எரிக்குக்கு யாரு சொல்லப்போறா?" என்கிறார் கணவர். எனக்கு அவர்மேல் அடங்காத சினம். காலையிலிருந்து நான் எண்ணிக்கொண்டிருந்ததும் அதையே.

18 அக்டோபர்

மீண்டும் அனைத்தையும் கழற்றினேன். சீலில் கீறல் இல்லை. என் வேலையில் பிழை காணவில்லை — மூன்று முறை பார்த்துவிட்டேன். ஆனால் ரப்பர் உறைக்குள், துரு படியத் தொடங்கிய வரிப்பற்களின்மேல், ஒட்டிக்கொண்டு கிடந்தது ஒரு செண்டுப்பூ இதழ்.

செண்டுப்பூ!

உறையின் விளிம்பைத் தூக்கி, பூவையும் உள்ளே தள்ளும் வேகத்தில் நீர் பாய்ந்திருக்கிறது. பெட்டியின் காற்றுத்துளை வழியாக எண்ணெயிலும் அதுவே இறங்கியிருக்கிறது. கம்ப்ரஸர் வைத்துக் கழுவியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அந்தச் சிவகுமாரை என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல் சொல்லாக அமைத்துவைத்திருக்கிறேன்.

20 அக்டோபர்

தீபாவளி விடுமுறை என்பதை மறந்தேன். சொற்கள் வீணாகக் காத்திருக்கின்றன.

23 அக்டோபர்

இதழைத் தாளில் மடித்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். இது எங்கிருந்தது தெரியுமா என்றேன். சிவகுமார் குனிந்து பார்த்தார், விளங்கவில்லை. விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஏனுங்க்கா, ஷாஃப்டு ஷாஃப்டுன்னு நீங்க தெனம் சொன்னீங்களே. மத்த வண்டிக்கெல்லாம் சும்மா தண்ணி ஊத்தி உட்டேனுங்க. உங்களுதுக்கு மட்டும் பைப்பப் பக்கத்துல வச்சு, அதையேதானுங்க புடிச்சுப் புடிச்சுக் கழுவுனேன்."

நான் அமைத்துவைத்த சொற்களில் இதற்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை. தண்டு இயங்கும் முறையை மூன்று நாள் விளக்கினேன். எங்கே நீர் படக் கூடாது என்று ஒரு முறையும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு மாலை அவர் போடுவது, தண்ணீர் நான் ஊற்றுவது என முடிவாயிற்று. இதழை அவரே எடுத்துக் குப்பையில் போட்டார்.

24 அக்டோபர்

பால்காப்பிப் படத்தையும் துருவின் படத்தையும் எரிக்குக்கு அனுப்பினேன். நடந்தவை, காரணம், துரு நீக்கிக் கிரீஸ் இட்ட முறை, இருமுறை எண்ணெய் ஊற்றி வடித்த விவரம் — யாவும் எழுதினேன். எழுத ஒரு மணி நேரம்.

பதில்: "ம்."

இதற்கு என்ன பொருள் கொள்வது? பெங்களூர்க்காரர் எப்போது வருகிறார்?

9 நவம்பர்

எண்ணெய் தெளிவு. தரை உலர்வு. "ம்" அப்படியே இருக்கிறது.

26 டிசம்பர், வெள்ளி

எரிக் இரண்டு நாளாகக் கேக்கும் பிரியாணியும் உண்டுவிட்டு, இன்று வண்டியருகே அமர்ந்தான். எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டுமாம். ஸ்பேனரை எடுத்து நேரே கீழ்த்திருகில் வைத்தான், மணிக்கட்டைப் பிடித்தேன்.

"முதல்ல மேல்திருகு."

"ஏன்?"

"மேல கழலலைன்னா நாளைக்கு நீ பஸ்லதான் போவே."

ஸ்பேனரை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி அமர்ந்தான். மேலே திறந்தேன், பின் கீழே. நல்லெண்ணெய் நிறத்தில் மெலிதாக இறங்கியது. விரலில் தொட்டு நெடுநேரம் தேய்த்துப் பார்த்தான்.

"நீ மறைக்காம அந்தப் பால்காப்பி போட்டோவை அனுப்புன அன்னைக்கே பெங்களூர்க்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்க்கா" என்றான்.

இரண்டு மாதம்! இரண்டு மாதமா என்கிட்ட சொல்லாம வச்சிருந்திருக்கான்! பிறகு எதற்கு வடித்துப் பார்த்தாய் என்றேன். நீ செய்வதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது என்கிறான். நல்ல எண்ணெய் வீணாயிற்று.

2 ஜனவரி 2026

எரிக் புறப்பட்டான். அவன் என்னிடமே விட்டுச்சென்ற வண்டியின் இரண்டாவது சாவியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மதலைமுத்து பைபிளுக்குள் வைக்கலாம் என்கிறார். சாவி வைக்கும் இடமா அது?